வென்றவருக்கு ஏன் கதவடைப்பு?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் ஷாப்புக்குள் நுழைந்து பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். மேசைமேல் தோல்கள் குவிந்து கிடக்கும். அனுபவமுள்ள ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக விரிப்பார், கையால் தடவுவார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உரிக்கும்போது பட்ட கத்திக் காயம், உண்ணி கடித்த வடு, மாட்டுக்குப் போட்ட சூட்டுக்குறி எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சில விநாடிகளில் முடிவு செய்து, முதல் தரம் ஒரு குவியலிலும் அடுத்த தரம் மற்றொரு குவியலிலுமாகப் போட்டுவிடுவார். பழுதில்லாத தோலுக்கு நல்ல விலை. பழுதுள்ளது கழிவு விலைக்குப் போகும்.

தோலைப் போலவே மனிதர்களைத் தரம் பிரிக்கும் தொழில் ஒன்று உலகில் நடந்து வருகிறது. அங்கே முறை தலைகீழ். பழுதில்லாதவரை வெளியே தள்ளிவிட்டு, பழுதுள்ளவரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். பந்தயப் பணம் வாங்கும் நிறுவனங்களைத்தான் சொல்கிறோம்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பந்தயம் கட்டுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தொழில். அங்கே ஒருவர் ஒரு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி, குதிரைப் பந்தயத்திலோ கால்பந்தாட்டத்திலோ சில மாதங்கள் தொடர்ந்து வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் அவர் வழக்கம்போல் 500 பவுன் கட்டப் போனால், உங்களிடம் 5 பவுனுக்கு மேல் ஏற்க மாட்டோம் என்று பதில் வருகிறது. அவர் விதியை மீறவில்லை, ஏமாற்றவும் இல்லை. வென்றார், அவ்வளவே. அதே நேரத்தில் அதே ஆட்டத்துக்குத் தொடர்ந்து தோற்றுவரும் இன்னொருவர் ஆயிரம் பவுன் கட்டினாலும் நிறுவனம் மறுப்பதில்லை.

இப்படிச் செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காணுமுன் பந்தயத்தின் கணக்கை நாம் புரிந்துகொள்ள வேண்டும். இது பந்தயம் கட்டக் கற்றுத்தரும் கட்டுரை அன்று. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர் பந்தயத்தின் பக்கமே போகமாட்டார் என்பதே நமது நம்பிக்கை.

நூறுக்கு நூற்றுத் தொண்ணூறு

சம பலமுள்ள இரண்டு கிரிக்கெட் அணிகள் மோதுகின்றன என்க. எந்த அணி வெல்வதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நியாயமான பந்தயம் என்றால் 100 ரூபாய் கட்டி வென்றவருக்கு 200 ரூபாய் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால் புக்கி என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் பந்தயம் ஏற்பவர் 200 தரமாட்டார், 190 தருவார். எந்த அணிமீது கட்டினாலும் இதே 190 தான்.

ஒருவர் இரண்டு முறை கட்டுகிறார். ஒரு முறை வெல்கிறார், ஒரு முறை தோற்கிறார். கட்டியது 200, திரும்பியது 190. ஆக, 100 ரூபாய்க்குச் சராசரியாக 5 ரூபாய் புக்கியின் பெட்டியில் தங்கிவிடுகிறது. 100 ரூபாய் வீதம் 200 முறை கட்டினால் 20,000 ரூபாய் கைமாறும். அதில் சராசரியாக 1,000 ரூபாய் போய்விடும். சில நாள் வெற்றி, சில நாள் தோல்வி என்று மேலும் கீழும் ஆடினாலும், நீண்ட காலத்தில் கணக்கு இந்த இடத்துக்கே வந்து நிற்கும்.

இந்த 5 ரூபாயைத் தாண்டி லாபம் காண வேண்டுமானால், நூறு முறை கட்டினால் குறைந்தது 53 முறை வெல்ல வேண்டும். அணிகளின் நிலை, ஆடுகளத்தின் தன்மை, வானிலை எல்லாவற்றையும் ஆராய்ந்து நூற்றுக்கு 55 முறை சரியாகக் கணிக்கும் திறமைசாலி ஒருவர் இருந்தால், 100 ரூபாய்க்கு அவருக்குச் சராசரியாக 104 ரூபாய் 50 காசு திரும்பும். அந்த நாலரை ரூபாய் புக்கியின் பெட்டியிலிருந்துதான் போகிறது. அந்தத் திறமைசாலி பெருந்தொகை கட்டத் தொடங்கினால், பல சாதாரண வாடிக்கையாளர்களிடம் சேர்த்த லாபத்தை அவர் ஒருவரே கொண்டு போய்விடுவார். அவர்மீது புக்கிக்கு வரும் கோபத்தின் காரணம் இதுவே.

அதிர்ஷ்டமா, திறமையா?

வெல்பவர்கள் எல்லோரும் திறமைசாலிகள் அல்லர். ஒரு நாணயத்தை 100 முறை சுண்டுங்கள். சராசரியாக 50 முறை தலை விழும். ஆனால் 55 அல்லது அதற்கு மேல் தலை விழுவதும் அரிதன்று. நூறு பேர் இப்படிச் சுண்டினால், சுமார் 18 பேருக்கு 55-க்குக் குறையாமல் தலை விழும் என்று நிகழ்தகவுக் கணிதம் கூறுகிறது. அதாவது, நூறு பந்தயத்தில் 55 வென்றதாகத் தோளைத் தட்டிக்கொள்ளும் ஒருவர் வெறும் நாணயம் சுண்டுபவராகவும் இருக்கலாம்.

ஆயிரம் முறை சுண்டினால் கதை மாறும். 550-க்குக் குறையாமல் தலை விழுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு. ஆகவே ஆயிரம் பந்தயங்களில் 550 வென்றவரிடம் பெரும்பாலும் திறமை இருக்கிறது என்று சொல்லலாம். எண்ணிக்கை கூடக் கூட அதிர்ஷ்டத்தின் சத்தம் அடங்கும், திறமையின் குரல் தெளிவாகக் கேட்கும். புள்ளியியலின் அடிப்படைப் பாடங்களில் இது ஒன்று.

ஆயிரம் பந்தயம் முடியும்வரை காத்திருந்தால் நிறுவனத்துக்கு நட்டம். அதனால் அது வேறொரு உளவாளியை வைத்திருக்கிறது. அந்த உளவாளியின் பெயர் விலை.

விலை காட்டிக்கொடுக்கும்

ஓர் அணிமீது கட்டும் 100 ரூபாய்க்குக் காலையில் 210 தருவதாக நிறுவனம் அறிவிக்கிறது. பகலில் செய்திகள் வருகின்றன, பலர் அந்த அணிமீது பணம் கட்டுகிறார்கள். ஆட்டம் தொடங்கும் வேளையில் அது 190 ஆகக் குறைந்துவிடுகிறது. கடைசி நேர விலையில் அன்று தெரிந்த தகவல் அனைத்தும் அடங்கியிருக்கும். ஆகவே அதுவே உண்மைக்கு மிக அருகில் இருப்பது.

காலையிலேயே 210-க்குக் கட்டியவரைப் பாருங்கள். மாலை விலைப்படி அந்த அணியின் வெற்றி வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்படியானால் அவர் கட்டிய 100 ரூபாயின் மதிப்பு ஆட்டம் தொடங்குமுன்பே சராசரியாக 105 ரூபாய். அன்றைய ஆட்டத்தில் அந்த அணி தோற்று அவர் பணத்தை இழந்தாலும் இது பொய்யாகாது. இப்படி முப்பது நாற்பது முறை ஒருவர் விலை இறங்குமுன் கட்டியிருந்தால், அவர் இன்னும் லாபம் பார்க்காவிட்டாலும், இவர் ஆபத்தானவர் என்று நிறுவனத்தின் கணிப்பொறி குறித்துக்கொள்ளும்.

தோலைத் தடவிப் பார்த்துச் சில விநாடிகளில் தரம் சொல்பவரைப் போன்றதுதான் இதுவும். நீங்கள் வெல்வீர்களா தோற்பீர்களா என்பது உங்களுக்குத் தெரியுமுன்பே நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது!

இதனை ஒரு சோதனையாகவே செய்து பார்த்தவர்கள் உண்டு. டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசாண்ட்ரோ கவுனிட்ஸ் என்பவரும் அவருடைய இரு கூட்டாளிகளும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கால்பந்தாட்டத்தைப் பற்றி அவர்கள் தனியாக எதையும் கணிக்கவில்லை. பல நிறுவனங்கள் அறிவித்த விலைகளின் சராசரியை எடுத்தனர். அந்தச் சராசரியைவிட மிகத் தாராளமாக விலை கொடுத்துவிட்ட நிறுவனம் எதுவோ அங்கே மட்டும் கட்டினர். முதலில் பத்தாண்டு கால ஆட்டங்களின் பழைய விவரங்களில் கணக்கிட்டுப் பார்த்து, பிறகு சொந்தப் பணத்தையே கட்டினர். ஐந்து மாதங்களில் 265 பந்தயம், 957 டாலர் 50 சென்ட் லாபம். அதன்பின் நடந்தது என்ன? நிறுவனங்கள் அவர்களுடைய கணக்குகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. சோதனை அத்துடன் நின்றது. நிறுவனங்களை வெல்ல முடியும், ஆனால் தொடர்ந்து வெல்ல அவை விடமாட்டா என்பதே ஆய்வு தந்த முடிவு.

வெற்றியாளரைக் கண்டு அஞ்சாத இயந்திரம்

எல்லாப் பந்தய முறைகளிலும் வெற்றியாளர் பகையாளி அல்லர். சென்னை கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தில் பணம் கட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று உரிமம் பெற்ற புக்கிகள். மற்றது டோட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டோட்டலைசேட்டர்.

டோட் முறையை 1867-இல் பாரிஸ் நகரில் ஜோசப் ஓலர் என்பவர் புகுத்தினார். இதில் எல்லோருடைய பணமும் ஒரே பொதுத் தொட்டியில் விழுகிறது. நடத்துபவர் தமக்குரிய பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்வார். மீதியை வென்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். மூன்று குதிரைகள்மீது முறையே 4,000, 3,500, 2,500 என மொத்தம் 10,000 ரூபாய் விழுந்தது என்றும், நடத்துபவர் பங்கு 2,000 என்றும் கொள்வோம். மீதி 8,000. முதல் குதிரை வென்றால் அதன்மீது கட்டியவருக்கு ரூபாய்க்கு 2 ரூபாய் திரும்பும். மூன்றாவது வென்றால் ரூபாய்க்கு 3 ரூபாய் 20 காசு. எந்தக் குதிரை வென்றாலும் நடத்துபவருக்கு அதே 2,000 தான்.

பந்தயங்கள் பெரிதானபோது இந்தக் கணக்கைக் கையால் போட்டு முடிக்க இயலவில்லை. ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர் தேர்தலில் வாக்குகளை எண்ணுவதற்காக ஓர் இயந்திரம் வடிவமைத்திருந்தார். அதை அரசு ஏற்கவில்லை. அவர் அதையே மாற்றியமைத்துப் பந்தயப் பணம் எண்ண வைத்தார். 1913-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் எல்லர்ஸ்லி மைதானத்தில் அது இயங்கத் தொடங்கியது.

இந்த இயந்திரத்துக்கு யார் வென்றாலும் ஒன்றே. திறமைசாலியின் லாபம் மற்றப் பந்தயக்காரர்களின் பணத்திலிருந்து வருகிறது, நடத்துபவரின் பெட்டியிலிருந்து வருவதில்லை. எனவே அவரை வெளியேற்ற வேண்டிய தேவையே எழுவதில்லை. வெற்றியாளரைத் தடுப்பது பந்தயத்தின் இயல்பிலேயே உள்ள ஒன்றன்று. வாடிக்கையாளருக்கு எதிராகத் தானே பணயம் வைக்கும் புக்கி முறையில் மட்டும் தோன்றுவது அது.

புக்கிக்கும் பழைய மைதானத்தில் ஒரு தற்காப்பு இருந்தது. ஒருவர் பெருந்தொகை கட்டினால், உடனே பலகையில் எழுதியிருந்த விலையை அழித்துக் குறைத்து எழுதுவார். அந்தப் புது விலை அடுத்து வருபவர் எல்லோருக்கும் பொது. இன்றைய நிறுவனங்கள் பலகையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒருவருக்கு மட்டும் கதவைச் சாத்துகின்றன. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான்.

திறமை என்னும் கேடயம்

குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டு அரசு 1974-இல் ஒரு சட்டம் இயற்றியது. அது நீண்ட வழக்காகி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கு என அறியப்படும் அதில் 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரிதும் திறமையைப் பொறுத்தது, ஆகவே அது சூதாட்டம் அன்று என்று நீதிமன்றம் கூறியது. திறமை என்ற அந்த ஒரு சொல்லே அன்று பந்தயத்துக்குக் கேடயமாயிற்று. 2021-இல் இணைய ரம்மி விளையாட்டைத் தடுத்த தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியபோதும் இதே சொல்தான் முன்னே நின்றது.

இங்கேதான் முரண்பாடு. இது திறமைக்கான களம் என்று சொல்லி அனுமதி வாங்கிய நிறுவனம், திறமை காட்டியவரை வெளியே தள்ளினால் என்ன மிஞ்சும்? குத்துச்சண்டை அரங்கு வைத்திருப்பவர் பலசாலிகளுக்கு அனுமதி மறுத்துவிட்டு, எங்கள் வீரனை யாராலும் வெல்ல முடியவில்லை என்று விளம்பரம் செய்வது போன்றது அது.

இதே கேள்வி அமெரிக்காவின் சூதாட்ட விடுதிகளிலும் எழுந்தது. பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து எண்ணிக்கொண்டே வந்தால் ஆட்டக்காரரால் விடுதியை மிஞ்ச முடியும் என்று கணித அறிஞர் எட்வர்ட் தார்ப் 1962-இல் வெளியான தம் நூலில் காட்டினார். பலர் அப்படி எண்ணத் தொடங்கினர். விடுதிகள் அவர்களை வெளியேற்றின. கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்குத் தொடுத்தார். 1982-இல் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம், சீட்டு எண்ணும் முறைக்காக மட்டும் ஒருவரை வெளியேற்ற விடுதிக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. விடுதிகள் மூடப்பட்டுவிடவில்லை. கூடுதல் சீட்டுக்கட்டுகளைச் சேர்த்தும், அடிக்கடி கலைத்தும் எண்ணுவதைக் கடினமாக்கின. ஆட்டம் கடினமாயிற்று, ஆனால் எல்லோருக்கும் ஒன்றாகவே கடினமாயிற்று.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014-இல் வேறொரு வழி கண்டது. நகரக் குதிரைப் பந்தயங்களில், பந்தயம் கட்டுபவர் வெல்லக்கூடிய தொகை 2,000 டாலரை எட்டும்வரை எந்த வாடிக்கையாளரையும் நிறுவனம் மறுக்கக் கூடாது என்று விதித்தது. அதற்கு மேல் ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் விருப்பம்.

மறுபக்க வாதம்

நிறுவனங்களின் பக்கமும் சொல்ல வேண்டியவை உண்டு. எந்த வணிகரும் நட்டம் வருமென்று தெரிந்தே விற்க வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனம் ஆளுக்கு ஆள் நிலைமை பார்த்துத்தான் ஏற்கிறது. வெல்பவர் எல்லோரும் தம் அறிவால் மட்டும் வெல்வதும் இல்லை. குதிரைக்குக் கால் வலி என்ற செய்தியை லாயத்திலிருந்து இரகசியமாகப் பெற்றவரும், ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்தவரும் அவர்களிடையே இருக்கலாம். விலை எழுதும்போது தவறி ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டுவிட்டால், அதற்காகக் காத்திருந்து பாய்பவர்களும் உண்டு.

இவை நியாயமான அச்சங்களே. ஆனால் மோசடிக்கு மருந்து விசாரணையும் தண்டனையும். எழுத்துப் பிழைக்கு மருந்து திருத்தம். மற்ற நட்டத்துக்கு மருந்து, எல்லோருக்கும் பொதுவாக விலையைக் குறைப்பதோ உச்ச வரம்பு வைப்பதோ. காப்பீட்டு ஒப்புமையும் முழுதும் பொருந்தாது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், வெல்லுங்கள் என்று காப்பீட்டு நிறுவனம் யாரையும் அழைப்பதில்லை. பந்தய நிறுவனமோ அப்படி அழைத்துவிட்டு, தெரிந்துகொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே எங்கே திறமை என்ற பெயரில் பந்தயம் அனுமதிக்கப்படுகிறதோ, அங்கே வரம்பு பந்தயத்துக்கு இருக்கலாம், ஆளுக்கு இருக்கக் கூடாது. இதுவே நமது முடிவு.

உங்களுக்கு இதில் என்ன?

நம் நாட்டில் நிலைமை வேறு என்று நீங்கள் கேட்கலாம். ஆம், வேறுதான். தமிழ்நாடு 2022-இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகப் புதிய சட்டம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை எல்லாம் தடை என்றது. ஆனால் தடைக்குப் பின்னும் எங்கிருந்தோ இயங்கும் செயலிகளின் அழைப்பு கைப்பேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அவற்றுக்கு உரிமமும் இல்லை, கேட்பாரும் இல்லை. வென்றவரின் கணக்கை முடக்கினால் முறையிடவும் இடமில்லை.

கலவையிலிருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்யுங்கள். சனிக்கிழமை வாரக்கூலி கையில். பேருந்தில் வரும்போது கைப்பேசியில் நூறு ரூபாய் கட்டுகிறார். தோற்றால் மறுபடியும் கட்டுகிறார். செயலி அவரைத் தடுப்பதில்லை. மாறாக, இன்னும் கொஞ்சம் கட்டினால் ஊக்கத்தொகை என்று அழைக்கிறது. தம்மை மதித்து அழைப்பதாக அவர் நினைக்கிறார்.

நாம் மேலே பார்த்த கணக்கை இப்போது திருப்பிப் பாருங்கள். வெல்பவரைச் சில வாரங்களில் கண்டுபிடித்து விலக்கும் கருவி நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தக் கருவி உங்களையும் தடவிப் பார்த்திருக்கிறது. அதன் பின்னும் உங்களுக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது என்றால், உங்களைப் பற்றிய தீர்ப்பு எழுதியாயிற்று என்று பொருள். நீங்கள் தோற்பவர் என்பதே அந்தத் தீர்ப்பு. எவ்வளவு தொகை வேண்டுமானாலும் கட்டலாம் என்ற சலுகைக்கு வேறு காரணம் கிடையாது.

இன்னும் ஒன்று. ஒருவர் திறமைசாலி என்று நாற்பது பந்தயத்தில் கண்டுபிடிக்கத் தெரிந்த கருவிக்கு, ஒருவர் தம் கூலியை எல்லாம் இழந்துகொண்டிருக்கிறார், இரவெல்லாம் கட்டுகிறார், விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகக் கட்டுகிறார் என்பதையும் கண்டுபிடிக்க முடியும். அதே விவரங்கள், அதே கணிதம். முதலாமவரை நிறுத்துவது நிறுவனத்துக்கு லாபம், இரண்டாமவரை நிறுத்துவது நட்டம். எனவேதான் முதலாமவருக்கு மட்டும் கதவடைப்பு. வென்றவரைத் தடுக்கலாமா என்ற கேள்வியோடு, தோற்பவரை ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அனுமதியுள்ள நாடுகளின் சட்டங்கள் இவ்விரண்டுக்கும் ஒன்றாக விடை காண வேண்டும்.

தோல் ஷாப்பில் தரம் பிரிப்பவர் பழுதுள்ள தோலைப் பழுதுள்ளது என்று வெளிப்படையாகவே தனிக் குவியலில் போடுகிறார். பந்தய நிறுவனம் தன் தீர்ப்பை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. அது சொல்லாவிட்டாலும் கணக்கு சொல்கிறது. அடுத்த முறை ஒரு செயலி உங்களை வருந்தி வருந்தி அழைத்தால், எந்தக் குவியலில் உங்களைப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.